குறி தவறினால் யாரைக் கேட்பது?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது நம்மவர் பழமொழி. இதனைச் சொல்லாத வீடு இல்லை. இதனால் அடிபடாத பிள்ளையும் இல்லை. கருவியைக் குறை கூறுபவர் தம் குறையை மறைப்பவர் என்பது இதன் கருத்து. அக்கருத்துப் பல வேளைகளில் மெய்யே. எனினும் நாம் ஒரு வினாவை எழுப்ப விரும்புகின்றோம். கூடம் மெய்யாகவே கோணலாக இருந்துவிட்டால் என் செய்வது? இப்பழமொழியைச் சொன்னவருள் எவரேனும் மட்டக்கோலை வைத்துத் தரையைப் பார்த்ததுண்டா? பார்க்காமலே ஆடியவள் தலையில் குற்றத்தைச் சுமத்திவிட்டு, அதனை அநுபவ ஞானம் என்று கொண்டாடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது.

இவ்வினாவை நாம் நாட்டியத்தைக் கொண்டு ஆராயப் போவதில்லை. துப்பாக்கியைக் கொண்டு ஆராயப் போகின்றோம். காரணம் யாதெனில், துப்பாக்கிச் சுடுதலில் குறையும் நிறையும் தாளின்மேல் மில்லிமீட்டர்க் கணக்கில் பதிந்துவிடுகின்றன. 50 மீட்டர் தொலைவில் வைக்கப்படும் போட்டி இலக்கில் பத்து மதிப்பெண் பெறும் வட்டம் 10.4 மில்லிமீட்டர் அகலமே உடையது. அதனை நாடிச் செல்லும் குண்டின் பருமன் 5.6 மில்லிமீட்டர். இவ்வளவு நுட்பமான இடத்தில் குற்றம் கையினதா, கருவியினதா என்பதை அளந்து அறிய முடியும். அளக்க முடிந்த இடத்திலும் அளக்காமல் தீர்ப்புச் சொல்பவர், அளக்க முடியாத இடத்தில் என்னதான் சொல்லமாட்டார்?

துப்பாக்கி என்றதும் நம் வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அது நியாயமே. இந்நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். 1971ஆம் ஆண்டுச் சட்டமோ துப்பாக்கிக் குற்றங்களுக்குரிய தண்டனையை மிகக் கடுமையாக்கிற்று. நாம் பேசுவது சுடுதளத்தில் விதிப்படி நடைபெறும் விளையாட்டைப் பற்றியதாகும். சிலாங்கூரில் சுபாங்கில் உள்ள தேசியச் சுடுதளத்தில் 2017ஆம் ஆண்டுத் தென்கிழக்காசிய விளையாட்டின் சுடுதல் போட்டிகள் நடந்தன. 2012இல் இலண்டன் ஒலிம்பிக்கில் மலேசிய வீராங்கனை நூர் சுர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாய் நின்று சுட்டதை உலகமே பார்த்தது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைப் போட்டிகளில் தங்கம் வென்றிருக்கின்றார். பெண்ணின் கை துப்பாக்கிக்கு ஆகாது என்னும் பேச்சு, 1943இல் மலாயாத் தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கிப் பயிற்சி பெற்ற அன்றே செல்லாக் காசாயிற்று.

செல்லாக் காசும் சிற்சில கைகளில் இன்னும் புழங்கத்தான் செய்கின்றது. நாம் அறிந்த ஒரு பெண்ணின் செய்தியை இங்குக் கூறுதல் பொருந்தும். அவள் பெயர் வேண்டா. அவள் சேர்ந்திருந்த சங்கத்தின் பெயரும் வேண்டா. கிள்ளானுக்கு அண்மையில் இருந்த ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் பேத்தி அவள். தோட்டம் வீட்டு மனைகளாக மாறியபின் குடும்பம் அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்ந்தது. சங்கத்துத் துப்பாக்கியால்தான் அவள் பழகினாள். ஓராண்டுக் காலம் அவள் சுட்ட குண்டுகள் நடுவட்டத்தைச் சுற்றிச் செறிந்து விழுந்தன. பின்னர்ச் சில வாரங்களுக்குள் அவை மேலும் கீழுமாகச் சிதறத் தொடங்கின. தேர்வு நாளும் நெருங்கிற்று. “கை நடுங்குகிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் போட்டி என்றாலே அச்சம்” என்று சங்கப் பொறுப்பாளர் ஒருவர் தீர்ப்புக் கூறிவிட்டார். அதே துப்பாக்கியால் முன்பு பலர் பரிசு வாங்கியிருக்கின்றனர் என்பது அவர் காட்டிய சான்று. வீட்டிலோ தாய் அந்தப் பழமொழியைச் சொன்னாள். அப்பெண் யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. இரவில் கண்ணாடி முன் நின்று இடக்கையை நீட்டி, நடுங்குகின்றதா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அத்தாயே பின்னாளில் நம்மிடம் கூறி வருந்தினாள்.

கை நடுங்கிற்றா, கருவி கெட்டதா? இதனை அறியச் சோதிடம் வேண்டா. குழலுக்குள் நிகழ்வது இன்னதென்று தெரிந்தால் போதும்.

துப்பாக்கிக் குழலின் உட்புறம் வழுவழுப்பான வெறுந்துளை அன்று. அதில் திருகாணியின் மரைபோல நீண்டு சுற்றிச் செல்லும் புரிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. குண்டு அப்புரிகளைப் பற்றிக்கொண்டு சுழன்று வெளிப்படுகின்றது. சுழலும்வரை பம்பரம் சாயாது நிற்பதுபோல, சுழலும் குண்டும் தலை சாயாது நேரே செல்லுகின்றது. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஈயத்தின் துகள், எரிந்த மருந்தின் கரி, குண்டின்மேல் பூசிய மெழுகு, பற்றுமருந்தில் கலந்துள்ள கண்ணாடித் தூள் ஆகியவை உள்ளே தங்குகின்றன. தோட்டா அமரும் அறை முடிந்து புரி தொடங்கும் இடத்தில் இக்கரி வளையம் போலப் படிந்து இறுகுகின்றது. ஈயம் மென்மையானது, அவ்வளையத்தைக் கடக்கும் குண்டு சற்றே உருக்குலைந்து போகின்றது. தோட்டத்து வாசகர்கள் மங்கு துடைப்பதை அறிவார்கள். நேற்றைய பாலின் கட்டி ஒட்டிக்கொண்டிருக்க, அதே மங்கில் இன்றைய பால் இறங்கினால் கெடுவது இன்றைய பால்தான். அதற்காக மரத்தைத் திட்டுவார் உண்டா?

இஃது இன்றைய சிறுதுளைத் துப்பாக்கியின் அழுக்கு. நம் பாட்டன்மார் காலத்து மலாயாவில் இதனினும் கொடிய எச்சம் ஒன்று இருந்தது. அஃது உப்பு. 1948 ஜூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், தோட்டங்களைக் காவல் காத்தவர் தோளில் தொங்கியது .303 துப்பாக்கி. அதன் பழைய தோட்டாக்களின் பற்றுமருந்தில் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தது. அஃது எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாகக் குழலில் படியும். மழைக்காலத்தில் நம் அடுப்பங்கரை உப்புச் சாடி கசிவதை எல்லோரும் கண்டிருக்கின்றோம். இவ்வுப்பும் அத்தகையதே. 25 பாகை வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 84 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைந்து நீராகின்றது. கிள்ளான் பள்ளத்தாக்கின் இரவுகளில் ஈரப்பதம் இவ்வெல்லையைத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி. ஆகவே மாலையில் சுட்டு அப்படியே சாய்த்து வைத்த துப்பாக்கி, இரவெல்லாம் உப்புநீரில் ஊறிக் காலையில் துருப்பிடித்திருக்கும்.

இங்கேதான் அறிவுக்கும் வழக்கத்துக்கும் உள்ள வேற்றுமை புலப்படுகின்றது. இரும்புக்குப் பகை நீர், நட்பு எண்ணெய் என்பது எல்லோரும் அறிந்த வழக்கம். அவ்வழக்கத்தை நம்பி உப்புப் படிந்த குழலில் எண்ணெய் மட்டும் பூசியவன் துப்பாக்கியை இழந்தான். எண்ணெயில் உப்புக் கரையாது. எண்ணெய்க்கு அடியில் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். காரணம் அறிந்த படையினரோ, கொதிக்கும் நீரைப் புனல் வைத்துக் குழலுக்குள் ஊற்றினர். நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு போயிற்று. சூடேறிய இரும்பு விரைவில் உலர்ந்தது. அதன் பின்னரே எண்ணெய் பூசப்பட்டது. இரும்புக்குள் நீரை ஊற்றுவது பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகவே தோன்றும். ஆயினும் துப்பாக்கியைக் காத்தது அந்நீர்தான்.

அக்காலத் தோட்டாக்களில் இருந்த வெடிமருந்து கார்டைட்டு. நீலகிரியில் அருவங்காட்டில் 1903இல் நிறுவப்பட்ட தொழிற்சாலை இம்மருந்தின் பெயரையே தாங்கியது. முதலில் வந்த கார்டைட்டில் நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோகிளிசரின் இருந்தது. அது மிகுந்த வெப்பத்தோடு எரிந்து குழலின் தொண்டையையே அரித்தமையால், பின்னர் அப்பங்கு 30ஆகக் குறைக்கப்பட்டது. ஆக, கரி வேறு, துரு வேறு, தேய்மானம் வேறு. கரி தூரிகைக்குப் போகும். துருவை வருமுன் தடுக்கலாம். தேய்ந்த குழலை மாற்றுவதன்றி வேறு வழியில்லை. மூன்றும் தாளின்மேல் காட்டும் அடையாளம் ஒன்றே, குண்டுகள் சிதறும். அடையாளத்தை மட்டும் பார்த்து நோயின் பெயரைச் சொல்பவர் வைத்தியர் ஆகார்.

அழுக்கும் தேய்மானமும் இன்றியே குறி தவறுவதும் உண்டு. மலாயாக் காடுகளில் அவசரகாலத்தில் பயன்பட்ட ஐந்தாம் எண் லீ-என்பீல்டு துப்பாக்கியின் கதை அத்தகையது. காட்டில் தூக்கிச் செல்ல எளிதாயிருக்கும்பொருட்டுக் குழலைக் குறைத்தும், இரும்பைப் பல இடங்களில் செதுக்கியும் 1944 முதல் அதனைச் செய்தனர். இன்று சரிப்படுத்திய குறி நாளை நிலைப்பதில்லை என்று படையினர் முறையிட்டனர். படைத்துறை பரிசோதித்தது, குறை அதன் அமைப்பிலேயே உள்ளது என்ற முடிவுக்கு வந்தது, 1947இல் உற்பத்தி நின்றது. அக்குறையின் காரணம் குறித்து ஆராய்ச்சியாளர் இன்றும் ஒருமைப்படவில்லை. நமக்கு வேண்டியது அதுவன்று. சுட்டவன் சொல்லைக் கேட்டு மட்டக்கோலை எடுத்துத் தரையைப் பார்க்க ஒரு பெரிய படைத்துறையே முன்வந்தது என்பதுதான் நாம் கவனிக்கத்தக்கது.

இனித் தோட்டாவுக்கு வருவோம். போட்டியில் பயன்படும் சிறுதுளைத் தோட்டாவின் ஈயக்குண்டு ஏறத்தாழ 2.6 கிராம் எடை உடையது. ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாக, விநாடிக்கு 330 மீட்டர் அளவில் அதனைச் செலுத்துகின்றனர். ஒலியின் வேகத்தைக் கடந்து சென்று மீண்டும் அதற்குக் கீழே இறங்கும் குண்டு வழியில் தடுமாறும் என்பதே இதன் காரணம். இப்பொழுது ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு குண்டு 330 மீட்டர் வேகத்திலும், அடுத்தது 320 மீட்டர் வேகத்திலும் புறப்பட்டால், காற்றின் தடையைக் கருதாவிடினும், 50 மீட்டர் தொலைவில் இரண்டாவது குண்டு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் தாழ்ந்து விழும். நடுவட்டமோ 10.4 மில்லிமீட்டர்! கை பாறைபோல் நின்றாலும், தோட்டாவின் வேகம் ஒத்திராவிட்டால் குண்டுகள் மேலும் கீழுமாகவே விழும்.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. சுடும் கணத்தில் குழல் நாணல்போல் அதிர்கின்றது. குண்டு வாயைவிட்டு வெளியேறும்போது அந்நாணல் எப்பக்கம் வளைந்திருந்தது என்பதைப் பொறுத்தும் குறி மாறும். ஆகவே ஒரு குழலுக்கு ஒத்த தோட்டா, அதே தொழிற்சாலையில் செய்த மற்றொரு குழலுக்கு ஒவ்வாது போகலாம். ஒரே பெயர், ஒரே விலை, ஒரே பெட்டி ஆயினும், வெவ்வேறு தொகுதியாகச் செய்யப்பட்ட தோட்டாக்கள் ஒரே குழலில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஈலி என்னும் நிறுவனமும், ஜெர்மனியின் ஷோனபெக்கில் லாப்புவா நிறுவனமும், வீரர்கள் தத்தம் துப்பாக்கியைக் கொண்டுவந்து தொகுதி தொகுதியாகச் சோதித்துத் தமக்கு ஒத்ததைப் பொறுக்கிக்கொள்ள இடம் வைத்திருக்கின்றன. பெரிய வீரர்களே பெட்டியின் மேலுள்ள பெயரை நம்புவதில்லை என்பது இதனால் விளங்கும். பெயரையும் குலத்தையும் பார்த்து மதிப்பிடும் நம்மவர் இதனைச் சற்று ஊன்றிப் பார்ப்பாராக.

மேற்கூறிய பெண்ணின் காரியத்துக்குத் திரும்புவோம். படையில் ஆயுதம் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் பிரிக்பீல்ட்ஸில் வாழ்கின்றார். தாய் அவரிடம் மகளை அழைத்துச் சென்றாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உன்னை விசாரிக்கிறதுக்கு முன்னாலே துப்பாக்கியை விசாரிப்போம் அம்மா” என்றார். சங்கத்தின் இசைவு பெற்று, நம்மையும் உடன் அழைத்துக்கொண்டு சுடுதளத்துக்குச் சென்றார்.

அவர் செய்த விசாரணையின் ஒழுங்கு நம் மனத்தில் பதிந்துவிட்டது. முதலில் தோட்டா ஒன்றும் உள்ளே இல்லை என்பதை உறுதி செய்தார். பின்னர்க் கட்டையோடு குழலைப் பிணைக்கும் திருகாணிகளையும், குறிபார்க்கும் உறுப்பின் திருகாணிகளையும் சோதித்தார். அவை இறுக்கமாகவே இருந்தன. குழலின் வாய் விளிம்பை உருப்பெருக்கியால் பார்த்தார். அவ்விளிம்பில் கீறல் இருந்தால் குண்டின் பின்னால் பாயும் புகை ஒருபுறம் முந்தி வெளியேறிக் குண்டைச் சாய்த்துவிடும். அங்கும் குறையில்லை. அடுத்து அப்பெண்ணிடம் வேறொரு துப்பாக்கியைக் கொடுத்தார். அவள் சுட்ட பத்தும் செறிந்து விழுந்தன. அவளுடைய துப்பாக்கியை வேறொரு நல்ல வீரரிடம் கொடுத்தார். அவர் சுட்ட பத்தும் மேலும் கீழுமாகச் சிதறின. இவ்வளவுதான். கை குற்றமற்றது என்பது அரைமணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. பல வாரங்களாக ஒரு பெண்ணின் மனத்தை அரித்த ஐயத்தைப் போக்க இருபது தோட்டாக்கள் போதுமாயிருந்தன.

பின்னர்க் குழலைத் துலக்கினார். வாயின் பக்கமிருந்து கோலை நுழைப்பது எளிது. ஆனால் கோல் உராய்ந்து விளிம்பைத் தேய்த்துவிடும். ஆகவே பின்புறத்திலிருந்து, கோல் நடுவில் செல்லுமாறு வழிகாட்டிக் குழாய் ஒன்றை வைத்து, கரைப்பான் தோய்ந்த துணித்துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தினார். முதலில் கரியாக வந்தது. பின்னர்ச் சாம்பல் நிறம். அறையின் முன்னே இறுகியிருந்த கரி வளையம் வெண்கலத் தூரிகைக்கும் எளிதில் இளகவில்லை. அவ்வளையத்தின் இறுக்கமே, நெடுநாளாக அங்கு எவரும் கை வைக்கவில்லை என்பதைக் கூறிற்று. வேலை முடிந்ததும், ஈயம் நஞ்சு என்று சொல்லி எல்லோரையும் சோப்புப் போட்டுக் கை கழுவச் செய்தார்.

துலக்கிய உடனே குறி திருந்திவிடவில்லை. துலக்கிய குழலில் மெழுகு மீண்டும் சீராகப் படியும்வரை முதற்சில குண்டுகள் வழி தவறும்; அவற்றைக் கணக்கில் சேர்த்தல் ஆகாது. அதன் பின்னும் சிறிது சிதறல் எஞ்சிற்று. முதியவர் சங்கத்தின் கணக்கேட்டைக் கேட்டார். அப்பெண்ணின் குறி கெடத் தொடங்கிய வாரத்தில்தான் சங்கம் விலை மலிந்த வேறொரு தோட்டாவுக்கு மாறியிருந்தது. பழையதும் புதியதும் மாறி மாறி அதே குழலில் சென்றிருந்தன. இரண்டின் மெழுகும் வேறு. பின்னர் நான்கு வகைத் தோட்டாக்களை வாங்கி, வகைக்குப் பத்தாக மும்முறை சுடச் செய்தார். மூன்று குண்டு சுட்டுப் பார்த்து முடிவு கட்டுபவரைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு. மூன்று குண்டுகளின் பரப்புத் தற்செயலாகவே சிறியதாகத் தோன்றும். அதே துப்பாக்கியில் பத்துக் குண்டுகளின் பரப்புச் சராசரியாக அதனைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் இருக்கும். நான்கனுள் விலை மிக்கது முதலிடம் பெறவில்லை. நடுத்தர விலையுள்ள ஒன்று அக்குழலுக்கு ஒத்தது. அதனைக் கொண்டு அவள் சுட்டபோது குண்டுகள் பழையபடி செறிந்து விழுந்தன.

ஆனால் தேர்வு முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. பட்டியலில் அவள் பெயர் இல்லை. பொறுப்பாளர் தாளைப் பார்த்து, “நல்லது” என்றார். அவர் முன்பு சொன்ன சொல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குழலில் படிந்த கரியை எடுக்கத் தூரிகை இருக்கின்றது. ஓர் இளம்பெண்ணின் மனத்தில் “உன் கை நடுங்குகிறது” என்று பதித்த சொல்லை எடுக்க எக்கடையில் எதை வாங்குவது? அவள் இன்றும் சுடுகின்றாள். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு குறிப்பேடு வைத்து, எந்நாள் துலக்கியது, எத்தனை குண்டு சென்றது, எந்தத் தொகுதித் தோட்டா என்று எழுதும் வழக்கத்தை அச்சங்கத்தில் தொடங்கியவள் அவளே. அடுத்து வரும் பிள்ளையின் கையை யாரேனும் குறை கூறுமுன், ஏட்டைப் புரட்டிப் பார்க்கட்டும் என்பது அவள் எண்ணம்.

நம் மக்கள் ஆண்டுக்கொரு முறை ஆயுத பூசை செய்கின்றனர். வெட்டுக் கத்திக்கும், தையல் இயந்திரத்துக்கும், லாரிக்கும் சந்தனமும் குங்குமமும் இடுகின்றனர். கருவியை மதிக்கும் அவ்வெண்ணத்தை நாம் பழிக்கவில்லை. மற்றை 364 நாளும் அக்கருவிக்கு நாம் செய்வது என்ன என்றே கேட்கின்றோம். துரு பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. பொட்டிட்ட இரும்பென்று விலகிப் போவதும் இல்லை. சுட்ட அன்றே துடைப்பதும், துடைத்ததை ஏட்டில் குறிப்பதும், கெட்டபோது ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் காரணம் காண்பதுமே கருவிக்குச் செய்யும் உண்மையான மரியாதை.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, சங்கங்களை நடத்தும் அன்பர்களே! உங்கள் பிள்ளை கணக்கில் தவறினால் அவன் கண்ணைச் சோதித்தீர்களா? தொழிலாளியின் வேலை கெட்டால் அவன் கையில் கொடுத்த கருவியைப் பார்த்தீர்களா? பார்த்தபின் குற்றம் அவனுடையதே என்று தெரிந்தால், அவனும் ஒப்புக்கொள்வான், திருத்திக்கொள்ளவும் முயல்வான். பார்க்குமுன் சொல்லும் தீர்ப்பு எவரையும் திருத்தியதில்லை. பழமொழியை வேண்டுமாயின் வைத்துக்கொள்ளுங்கள். அதனைச் சொல்ல வாய் திறக்குமுன் மட்டக்கோலை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் ஒருமுறை சென்று வாருங்கள்.